மரம் சாகாத அளவு

ஜொகூர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் சொல்லிவந்த ஒரு வாக்கியம் உண்டு: ‘மரம் வெட்டப் போகிறேன்.’ தஞ்சாவூர்க்காரர் இதைக் கேட்டால் கோடரியை நினைப்பார். லாபிஸிலோ குளுவாங்கிலோ கேட்டவர் உளியை நினைத்தார். இன்று வெட்டிய மரத்தை நாளை மறுநாள் திரும்ப வெட்டலாம். இருபது, இருபத்தைந்து வருடம் வெட்டலாம். மரம் நின்ற இடத்தில் நிற்கும். கொல்லாமையை அறங்களின் தலையில் வைத்த மரபிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், விடியுமுன் எழுந்து ஆளுக்கு முந்நூறு நானூறு ரப்பர் மரங்களைக் கீறிப் பால் இறக்கிப் பிழைத்தார்கள். அது பாவமா, வெறும் கூலி வேலையா, பெயர் வைக்கப்படாத ஓர் அறமா? நம் கோயில் சொற்பொழிவுகளில் இந்தக் கேள்வி எழுவது அபூர்வம். எழ வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. ஏனென்றால் மரம், செடி, கைத்தொழில், இயற்கையோடு இயைந்த வாழ்க்கை என்று இப்போது நாம் ஆர்வமாகப் பேசுகிற எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இதுதான்: உயிருள்ள ஒன்றிடமிருந்து எடுத்துக்கொண்டே அதற்கு அறவோராக இருக்க முடியுமா?

நூல்களைக் கேட்டால் பல குரலில் பதில் வருகிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்படி அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று முதற்படியில் வைக்கிறது; அதாவது மரம் உயிர்தான், அதில் ஐயமில்லை. சமணமும் அப்படித்தான் கொள்கிறது. சமணத் துறவி பச்சைத் தழையைக்கூட மிதிக்கக் கூடாது. இல்லறத்தாருக்கும் அதையே விதித்தால் அடுப்பெரியாது என்பதால் அங்கே ஒரு தளர்வு செய்தார்கள்; ஆனாலும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களைச் சொல்லும்போது காடு வெட்டி விற்பதையும் கரி சுடுவதையும் சேர்த்திருக்கிறார். மனுஸ்மிருதியோ உழவையே சந்தேகப்படுகிறது: இரும்புக் கொழு மண்ணையும் மண்ணுக்குள் இருக்கும் உயிர்களையும் குத்துகிறது என்பது அதன் குறை. இதற்கு நேர் எதிராக, 33ஆம் அதிகாரத்தில் கொல்லாமையைப் பாடிய வள்ளுவர் 104ஆம் அதிகாரத்தில் உழவைத் தலைமேல் தூக்கி வைக்கிறார். இரண்டையும் ஒரே நூலில் வைத்தவருக்கு முரண் தெரியாமல் போயிருக்காது. மண்ணைக் கீறும் தொழிலும் உயர்ந்த தொழிலாக இருக்கலாம் என்ற முடிவுக்கு அவர் வந்திருக்க வேண்டும். எப்படி வந்தார் என்பதை அவர் விளக்கவில்லை.

நடைமுறைச் சமயத்தில் வேறொரு விடை இருந்தது. கோயிலுக்குத் தலமரம், தோட்டத்து எல்லையில் அரச மரத்தடியில் ஒரு சூலம், ஒரு மஞ்சள் துணி, முனீஸ்வரர். அந்த மரத்தில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். இது நல்ல வழக்கம். பல ஊர்களில் பழைய மரங்கள் தப்பியிருப்பதே இதனால்தான். ஆனால் அந்த ஒரு மரத்தைக் கும்பிட்டுவிட்டு உளியோடு தன் நிரைக்குள் நுழைகிறவளுக்கு இந்த வழக்கம் எதைச் சொல்கிறது? தொடாத மரத்தை எப்படி மதிப்பது என்று சொல்லிவிட்டது. தொட்டே ஆக வேண்டிய மற்ற நானூறு மரங்களைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

அவற்றைப் பற்றிப் பேசிய ஒரு தமிழர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார். யாதும் ஊரே என்றதற்காக உலகம் முழுவதும் நாம் மேற்கோள் காட்டும் கணியன் பூங்குன்றனார்தான். அவருடைய இன்னொரு பாட்டு நற்றிணையில் 226ஆம் எண்ணில் இருக்கிறது. மேடைகளில் அதிகம் அடிபடாத பாட்டு. பிரிந்துபோன தலைவனை நினைத்து வருந்தும் ஒருத்தியின் பேச்சு அது. அதில் போகிற போக்கில் மூன்று செய்திகள் வருகின்றன. மருந்துக்காக மரத்தை நாடுகிறவர்கள் அது செத்துப்போகும்படி எடுக்கமாட்டார்கள். தவம் செய்கிறவர்கள் உடம்பின் வலு அழியும்படி செய்யமாட்டார்கள். அரசர்கள் குடிகளின் வளம் கெடும்படி வரி கொள்ளமாட்டார்கள். மரத்திடம் எடுக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. எடுப்பது நடக்கும் என்று ஒப்புக்கொண்டு, எதுவரை என்று கேட்கிறார். மரம், உடம்பு, நாடு மூன்றுக்கும் ஒரே அளவுகோலைப் போடுகிறார். இந்தக் கட்டுரையின் வாதம் அந்த அளவுகோலைச் சுற்றித்தான். எடுத்தபின்பும் மறுபடி கேட்கக்கூடிய நிலையில் மரம் இருக்கிறதா என்பதுதான் அறத்தின் கேள்வி. அதற்கான விடை சுவடியில் கிடைக்காது, கையில்தான் கிடைக்கும்.

ஜொகூரின் வரலாறு இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம். 1840களில் சிங்கப்பூரிலிருந்த வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலை ஐரோப்பியரின் கவனத்துக்குக் கொண்டுபோனார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது. கடலுக்கடியில் தந்திக் கம்பி போட உறை தேடிக்கொண்டிருந்த உலகத்துக்கு அது வரமாக வந்தது. ஜொகூரின் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் அந்த வணிகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்து செல்வம் சேர்த்தார். தாபான் என்று மலாயில் சொல்லப்படும் அந்த மரத்தின் பால் கீறினால் சரியாக ஓடாது. கீறிய இடத்திலேயே உறைந்துவிடும். ஆகவே மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி, கசிந்ததை வழித்தார்கள். ஒரு முழு மரத்தின் சாவுக்குக் கிடைத்தது சொற்பப் பால். சில பத்தாண்டுகளில் எட்டிய காடுகளில் பெரிய தாபான் மரங்கள் அருகிப்போயின. அதே காலத்தில் ஆற்றங்கரைகளில் சீனக் குடியேறிகள் காம்பியர் பயிரிட்டார்கள். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி இனத்துப் பொருள்தான். தோல் பதனிடவும் போனது. இலையை அண்டாவில் கொதிக்கவைத்துச் சாறு இறக்க வேண்டும். அடுப்புக்குச் சுற்றிலும் உள்ள காடு போனது, சில வருடங்களில் மண்ணும் சோர்ந்தது, பிறகு அடுத்த ஆற்றுக்கு நகர்ந்தார்கள். ஆற்றங்கரைச் சீனக் குடியேற்றத்தைக் குறிக்கும் ‘கங்கார்’ என்ற சொல்லோடு, கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று ஜொகூர் வரைபடத்தில் இன்றும் நிற்கும் பெயர்கள் அந்த நகர்வின் தடங்கள்.

மலாயில் மரப்பாலுக்கு ‘கெத்தா’ என்று பெயர். கட்டாபெர்ச்சா என்ற சொல்லின் முதற்பாதி அதுதான். நம் தோட்டத் தமிழில் ரப்பருக்கு வழங்கிய ‘கித்தா’வும் அதுதான். ஒரே சொல்லிலிருந்து பிறந்த இரண்டு பால்கள். முதலாவது மரத்தைக் கொன்று எடுத்தது. இரண்டாவது கொல்லாமல் எடுத்தது, ஆனால் முதலிலிருந்தே அப்படியில்லை. ரப்பரின் தாயகமான அமேசானில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்து ஆழமாக விழுந்த மரம் முடிச்சுப் போட்டு வீணாகும். 1877இல் இருபத்திரண்டு கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்த அந்த மரத்தை, 1888 முதல் அங்கே தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்ட ரிட்லி பொறுமையாக ஆராய்ந்தார். கொத்துவதை விட்டுவிட்டு, அதே கீறலின் கீழ்விளிம்பை மெல்லிய சீவலாக மறுபடி மறுபடி திறந்தால் மரமும் பிழைக்கிறது, பாலும் பெருகுகிறது என்று கண்டார். பால்வெட்டு என்ற தொழிலின் அடிப்படை இதுதான்.

இதில் கைக்கு உள்ள வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் பட்டையில் உள்ளன. உள்ளே போகப்போக அடர்த்தி கூடும். மிக அடர்த்தியான இடம், மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலத்தை ஒட்டியே இருக்கிறது. எங்கே லாபம் அதிகமோ அதற்கு அடுத்த அடுக்கில் மரத்தின் உயிர். மேலோட்டமாகச் சீவினால் பால் விழும் மங்கு நிறையாது. ஒரு மில்லிமீட்டர் அதிகம் போனால் படலம் காயப்படும். அங்கே பட்டை முண்டு முண்டாக வளர்ந்து பின்னால் உளியே ஓடாது. எனவே இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோட்டில், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கே பட்டையைச் சீவி, படலத்துக்கு வெளியே நின்றுவிட வேண்டும். இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு அரை நிமிடம்கூட இல்லாத வேகத்தில். ஒவ்வொரு மரத்தின் பட்டையும் ஒவ்வொரு தடிமன். எந்தக் கருவியும் அந்த இடைவெளியைக் காட்டித் தராது. உளியின் முனையில் தட்டும் இளக்கத்தை வைத்துக் கை தெரிந்துகொள்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. இலை உதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் ஓய்வு. ஒரு பக்கத்துப் பட்டை தீர்ந்தால் மறுபக்கம் போய், பழைய பக்கம் புதுப்பட்டை கட்டும்வரை வருடக்கணக்கில் காத்திருப்பு. பேராசையோடு தினமும் வெட்டினாலோ, பால் பெருகுவதற்கான மருந்தை மிஞ்சித் தடவினாலோ ஒரு கட்டத்தில் பட்டை வறண்டு மரம் பால் தருவதையே நிறுத்திவிடும். கணியன் பூங்குன்றனாரின் அளவு இங்கே உவமையாக இல்லை, மில்லிமீட்டரில் இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுப்பாடு தமிழ்த் தொழிலாளியின் அறமல்ல, கம்பெனியின் கணக்கு. காயம்பட்ட மரம் நட்டம். அதனால் மேற்பார்வையாளரான தண்டல் பின்னாலேயே வந்து பட்டையைப் பார்த்தார், காயத்துக்குக் கூலி பிடித்தார். பயத்தில் காத்த அளவை அறம் என்று கொண்டாடுவது, அடிமையின் பொறுமையைத் தவம் என்பது போலாகும். இதில் பெரும்பகுதி உண்மை. இன்னும் கசப்பான உண்மையும் உண்டு. 1930 மே மாதம் விலைச் சரிவைத் தடுக்க ஆங்கிலேய, டச்சுத் தோட்டக்காரர்கள் கூடிப் பேசி ஒரு மாதம் பால்வெட்டை நிறுத்தினார்கள். மரம் ஓய்வெடுத்தது. அந்த மந்தக் காலத்தில் தொழிலாளருக்கோ கூலி குறைந்தது, பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மரத்தின் பட்டைக்குக் காட்டிய கணக்கான இரக்கத்தை மனிதத் தோலுக்குக் காட்டவில்லை.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. பூங்குன்றனார் மரத்தையும் குடிமக்களையும் ஒரே மூச்சில் சொன்னதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. அளவை மரத்தோடு நிறுத்திக்கொண்டு மனிதனை விட்டுவிட்டவர்களிடம் இருந்தது அறிவு மட்டுமே, அது அறமாகவில்லை. கீறுகிற கையின் கதை வேறு. பயத்தில் தொடங்கியது என்பதாலேயே ஒரு பழக்கம் பயமாகவே நின்றுவிடுவதில்லை. குழந்தை அடிக்குப் பயந்து கற்ற எழுத்து, பிறகு அதன் சொந்த எழுத்தாகிவிடுகிறது. தண்டல் எட்டிப் பார்க்காத லயத்து வீட்டுப் பின்புறத்தில் அதே கைகள் முருங்கையை எப்படி வெட்டின, கறிவேப்பிலையை எப்படி ஒடித்தன என்பதைப் பார்த்தால் அளவு அங்கேயும் இருந்தது தெரியும். அங்கே கூலி பிடிக்க யாரும் இல்லை.

மரத்துக்கு வலிக்காதே, பின் எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்பவர்களும் உண்டு. வலிக்குமா வலிக்காதா என்பதில் என் வாதம் தொங்கவில்லை. குடிகளின் வளம் கெடும்படி வரி வாங்காதே என்பதற்குக் குடிகள் அழுவது மட்டுமா காரணம்? வாங்குகிறவன் என்னவாக ஆகிவிடுகிறான் என்பதும் காரணம்.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. ஒரு மரத்தின் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் பார்த்து நின்றவர்கள், அந்த மரம் நடுவதற்காக முழுக் காட்டையும் எரித்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார்களே? செம்பனையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கூர்மையாகும். 1960களுக்குப் பிறகு ஜொகூரில் ரப்பரைத் தள்ளிவிட்டுச் செம்பனை பரவியது. செம்பனையில் கீறல் கிடையாது. பழுத்த குலையை மட்டும் எடுக்கிறோம். மரத்துக்கு மரம் பார்த்தால் ரப்பரைவிட அது சாதுவான தொழில். ஆனாலும் காட்டுக்கு நேர்ந்ததில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இதற்கு நேர்மையான விடை, அளவுக்கும் ஓர் எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்வதுதான். மரத்துக்குரிய அளவு கையில் இருக்கிறது. காட்டுக்குரிய அளவு சட்டத்திலும் அரசிலும் இருக்க வேண்டும். முதலாவதைக் காத்தவர்களைக் காட்டி இரண்டாவதில் தவறியவர்களுக்குப் பாவமன்னிப்பு தர முடியாது. அதே நேரம், காடு அழிந்ததே, இனிக் கொல்லைக் கறிவேப்பிலையில் என்ன அளவு என்று கைவிடுவதும் சரியில்லை. தன் கைக்கு எட்டியதில் அளவு பழகாதவர்கள் போடும் சட்டத்தில் அளவு எங்கிருந்து வரும்?

தாபான் மரம்கூட ஒரு பாடம் வைத்திருக்கிறது. சாய்க்காமல் பால் தராது என்று முடிவுகட்டிய மரத்திடமிருந்து, ஜாவாவின் சிப்பெத்திர் தோட்டத்தில் இலைகளை மட்டும் கவாத்து செய்து பறித்து, அரைத்துப் பால் எடுத்தார்கள். மரம் நின்றது. கொன்றால்தான் கிடைக்கும் என்று சொல்லப்படும் இடங்களில் எத்தனை இடத்தில் அது இயற்கையின் விதி, எத்தனை இடத்தில் நம் அவசரம் என்பதைச் சற்று சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, சிறையில் இருந்தபடி எழுதி 1945இல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், எடுப்பவர்களை வகைபிரிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு வகை. மாந்தோப்பில் எதையும் தராமல் பழத்தை மட்டும் எடுக்கும் குரங்கு ஒரு வகை. தேன் எடுக்கும்போதே மகரந்தம் சேர்க்கும் தேனீ ஒரு வகை. கட்டாபெர்ச்சா வணிகம் புலி என்பதில் சந்தேகமில்லை. பால்வெட்டுக்காரரை எங்கே வைப்பது? குமரப்பாவின் கணக்கில் அவர் குரங்கோடு நிற்க வேண்டியிருக்கும், ஏனென்றால் மரத்துக்கு அவர் எதையும் தரவில்லை. இங்கே நான் குமரப்பாவோடு ஒத்துப்போகவில்லை. குரங்குக்கு நிறுத்திக்கொள்ளத் தெரியாது. வயிறு நிறைந்தால் நிற்கும், அவ்வளவுதான். பால் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தும் உளியை எடுத்துவிடுவது வேறு வகை; அதற்கு அவர் பட்டியலில் இடம் இல்லை.

ரப்பர் போனபின் தோட்டத்தை விட்டு ஸ்கூடாய், மாசாய், உலு திராம் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்த குடும்பங்களிடம் இன்று எஞ்சியிருப்பது வாசலோரத்தில் நாலடி மண். அதிலும் தொழில் இருக்கிறது. கறிவேப்பிலையை நுனியோடு ஒடித்தால் கிளை பிரியும். இலையை மட்டும் உருவிக்கொண்டே போனால் செடி குச்சியாகும். முருங்கையைக் காய்ப்பு முடிந்து கவாத்து செய்ய வேண்டும். வாழையில் இலைக்கு ஆசைப்பட்டால் தாரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. தோரணத்துக்குக் குருத்தோலை எடுக்கிறவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் உள்ளே போனால் மரமே போய்விடும். பொங்கலுக்குக் கட்டும் தோரணத்தின் அழகில் பாதி, மரத்தில் விட்டுவந்த ஓலையில் இருக்கிறது என்பேன். ஈர்க்குமாறு கட்டுவதற்கு இந்தச் சிக்கல் இல்லை, விழுந்த மட்டையே போதும். செம்பனைக் குலை வெட்டும்போது கழிக்கிற மட்டைகளிலும் நல்ல ஈர்க்கு உண்டு.

இவை வறுமையின் பழக்கங்கள், கையில் காசு இருந்தால் யார் துடைப்பம் கட்டுவார் என்று கேட்கலாம். சரிதான். லயத்து வீட்டில் விளக்குமாறு கட்டியவர் தத்துவத்துக்காகக் கட்டவில்லை, ஐம்பது காசு மிச்சம் பிடிக்கக் கட்டினார். அந்த வறுமையை யாரும் திரும்ப விரும்பக் கூடாது. அதை ஆன்மிகமாக அலங்கரிப்பவர்களிடம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் வறுமை கற்றுக்கொடுத்தது என்பதற்காகக் கற்றதையும் சேர்த்து எறிய வேண்டியதில்லை. வயிற்றுக்காகக் கற்ற நீச்சல் வயிறு நிறைந்தபின்னும் நீச்சல்தானே.

ஒரு நாள் மரம் விழத்தான் செய்யும். வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை, சிலை செய்ய மரம் வெட்டப்போகிறவர் முதல்நாள் இரவே அதற்குப் பூசை செய்து, அதில் வாழும் உயிர்களை வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்ளச் சொல்கிறது. அந்த மந்திரங்களை இன்று சொல்கிறவர் அரிது. பால் ஓய்ந்த ரப்பர் மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். 1980களிலிருந்து அதை மருந்திட்டு, காயவைத்து, தட்டுமுட்டுச் சாமானாக்கினார்கள். ஜொகூரின் மூவார் அந்தத் தொழிலின் பெயர்பெற்ற ஊராக வளர்ந்தது. கால் நூற்றாண்டு பால் தந்த மரம் இன்னொரு கால் நூற்றாண்டு மேசையாக நிற்கிறது. மந்திரத்துக்கு ஈடா என்று கேட்டால் தெரியாது, எரிப்பதைவிட மரியாதை.

உளி பிடித்த தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஜொகூரின் எந்தத் தாமானிலும், எந்தக் கோயில் திண்ணையிலும் அவர்களில் ஒருவராவது இருப்பார். பட்டையின் எந்த இளக்கத்தில் கையை நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியும்; எழுதி வைத்திருக்கமாட்டார்கள். அடுத்த முறை பார்க்கும்போது உளியை எப்படிப் பிடிப்பது என்று கேளுங்கள். சொல்லச் சொல்லாதீர்கள், பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.